கற்பூரம் ஏற்றாத பதினொரு நாள்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் மடியில் இருந்த பெட்டியைப் பற்றி மூன்று பேர் விசாரித்தார்கள். ஒருவர் கேமராவா என்றார். இன்னொருவர் மலைமேல் செலுத்தப் போகும் காணிக்கை என்று தானே முடிவு செய்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மாள் மட்டும், "உள்ள இன்னாதான் கீது?" என்று நேராகக் கேட்டார். "உப்பும்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பொட்டாசியம் புரோமைடு என்ற ஒருவகை உப்பை வட்டத் தகடாகக் கடைந்து செய்த பாகம் அது. அகச்சிவப்பு ஒளியை இரண்டாகப் பிரிப்பது அதன் வேலை. ஈரக் காற்று பட்டாலே மங்கிவிடும். சிங்கப்பூரிலிருந்து நான் புறப்பட்டதே அதை ஒரு கல்லூரிக் கருவிக்குள் மாட்டத்தான். வெளியே நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது, பஸ்ஸின் ஜன்னல்களில் பாதி மூடவில்லை.

அறிவியல் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தியா வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவைத் திறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனி விற்ற பெட்டிகள் சின்ன ஊர்க் கல்லூரிகளிலெல்லாம் போய் உட்கார்ந்திருந்தன. அவை படுத்துக்கொண்டால், தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னை அனுப்புவார்கள். ஆந்திராவுக்குத் தமிழ் தெரிந்தவன் எதற்கு என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் தேசப்படத்தைப் பார்த்து, பக்கத்தில்தானே இருக்கிறது என்றார்.

நகரி தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் மழையில் இறங்கினோம். பின்னால் ஒருவர் தெலுங்கில் அலுத்துக்கொண்டதைப் பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு மொழிபெயர்த்தார்: "படித்தவனுக்கு அமெரிக்கா, படிக்காதவனுக்குக் குவைத், நடுவில் மாட்டியவனுக்கு இந்த பஸ்." அம்மாள் சிரிக்கவில்லை. மகளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, விமான நிலையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வா நைனா. உன் உப்ப நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்பாவை அழைக்கும் சொல்லால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னை அழைத்தது கொஞ்சம் ஆட்டிவிட்டது. டீயும் சீதாப்பழமும் முடித்துத் திரும்பினால், பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டையும் சுற்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கவே நான் யோசிப்பேன். திருப்பதியில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உப்புத் தகடு பளிச்சென்று இருந்தது. பெயர் கேட்காமல் விட்டதற்கு இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். இரண்டாம் மாடி அறையில் எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கோமதி, ஆராய்ச்சி மாணவி. நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆய்வேட்டில் ஆங்கிலம். இன்னொருவர் முனிரத்தினம், ஆய்வுக்கூட உதவியாளர். புத்தலப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

கோமதி சுற்றி வளைக்கவில்லை. "சார், முப்பதாம் தேதிக்குள்ள தீசிஸ் குடுத்தாகணும். குடுத்த ரசீத அனுப்பினாத்தான் ஜெர்மனில என் எடம் நிக்கும். நாலாவது சேப்டர்ல ஒரே ஒரு அளவு இன்னொரு தரம் எடுக்கணும். அதுக்குள்ள மிஷின் பூடுச்சி." வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவர். முப்பதாம் தேதிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அந்த நாலாவது அத்தியாயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிளாட்டினத் துண்டு ஒன்றைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, மெதனால் கலந்த அமில நீருக்குள் இறக்குவார்கள். அந்த நீர் இருக்கும் கலத்தின் அடியில் ஒரு ஜன்னல். பிளாட்டினத்தை அந்த ஜன்னலோடு சேர்த்து அழுத்தினால் இடையில் தலைமுடியைவிட மெல்லிய நீர்ப்படலம்தான் மிஞ்சும். வெளியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாக அனுப்பினால், அது பிளாட்டினத்தில் பட்டுத் திரும்பும். உலோகத்தின்மேல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அலையில் கொஞ்சம் ஒளியை எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவதில் எது குறைகிறது என்று பார்த்தால் மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். தண்ணீர் பெரிய தொல்லை, எல்லாவற்றையும் மறைக்கும். அதனால் பிளாட்டினத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றி இரண்டு முறை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். மாறாத தண்ணீர் கழிந்துபோகும், பரப்பில் மாறியது மட்டும் கோட்டில் மேடாகத் தெரியும்.

கோமதிக்கு அலை எண் ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஒரு சின்ன மேடு கிடைத்திருந்தது. மெதனால் இல்லாமல் சரிபார்ப்புக்காக அளக்கும் வெறும் ஓட்டத்தில் அது வராது. மெதனால் போட்ட நிஜ ஓட்டத்தில் மட்டும் வரும். மெதனால் சிதையும்போது இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்று நடுவில் உண்டாகிறது என்று எழுதியிருந்தார். பேராசிரியர் மகிழ்ந்தார், ஜெர்மானியர்கள் இடம் கொடுத்தார்கள். எல்லாம் அந்த மேட்டின்மேல் நின்றது.

தகட்டை மாட்டிக் கண்ணாடிகளை நேர்செய்ய இரண்டு நாள் பிடித்தது. மின்சாரம் போய்ப் போய் வந்ததால் இன்னும் அரை நாள். மதியம் முனிரத்தினம் தன் தூக்கில் பாதியை எனக்கு ஒதுக்கிவிடுவார். கேழ்வரகுக் களி, கீரை, வேர்க்கடலைத் துவையல். "துன்னுங்க சார், சிங்கப்பூர்ல இது கெடைக்காது" என்பார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று தெரியாமல் முதல் நாள் மென்று பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். மூன்றாம் நாள் நான் விழுங்கிய வேகத்தைப் பார்த்து, நாளையிலிருந்து இரண்டு தூக்கு கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஞாயிறன்று மலைக்குப் போனேன். வரிசையில் ஏழு மணி நேரம், சந்நிதியில் ஏழு நொடி. என் மனைவி கேட்டிருந்த லட்டுகளோடு இறங்கி வந்து, அறையில் எறும்பு இருந்ததால் அவற்றை ஆய்வுக்கூட அலமாரியில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை கருவி தயார். கோமதி முதலில் வெறும் ஓட்டம் என்றார். மெதனால் இல்லாமல் ஒருமுறை, சரியாக இருந்தால் மதியம் நிஜ ஓட்டம். முனிரத்தினம் சும்மா நின்றுகொண்டிருந்தார். அலமாரியில் பித்தளைத் தட்டும் கற்பூர டப்பாவும் இருப்பதைப் பார்த்திருந்தேன்.

"அண்ணே, பூசை இல்லையா?"

"நெஜ ஓட்டத்துக்குத்தான் சார். வெறும் ஓட்டத்துக்கெல்லாம் எதுக்கு? பரீட்சைக்குப் போறவங்களுக்குத்தான திருநீறு வப்பாங்க."

புது உப்புத் தகட்டைக் கடல் கடந்து கொண்டுவந்தவன் நான். அதன் முதல் ஓட்டம் இது. இதற்கும் ஏற்றிவிடுங்கள் என்று வற்புறுத்தினேன். பழுதுபார்க்கிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் பயந்த பக்தர்கள்தான். முனிரத்தினம் நான்கு வில்லைகளைத் தட்டில் வைத்து ஏற்றினார். கருவிக்கு மூன்று சுற்று. பிறகு திறந்த கலத்துக்கும், மெருகேற்றிக் கழுவி வைத்திருந்த பிளாட்டினத்துக்கும் மிக அருகில் மூன்று சுற்று. நாங்கள் ஆளுக்கொரு முறை ஒற்றிக்கொண்டோம். அறை முழுக்க மணம்.

அரை மணி கழித்துத் திரையில் கோடு வந்தது. ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் மேடு. மெதனால் ஒரு சொட்டுக்கூட உள்ளே இல்லை.

நான் கருவியைச் சந்தேகப்பட்டேன், தொழில் புத்தி. கோமதி அறையின் மணத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, நகத்தால் ஒரு துணுக்கு கிள்ளி, புதிதாக நிரப்பிய கலத்தில் போட்டுக் கலக்கி மறுபடி ஓட்டினார். இப்போது மேடு எழுந்து நின்றது. அதே இடம், அதே வடிவம். பழைய நோட்டுகளைப் பிரித்தார். ஒரு வருஷமாக ஒவ்வொரு நிஜ ஓட்டத்துக்கும் முனிரத்தினம் ஆரத்தி காட்டியிருந்தார். ஒரு வெறும் ஓட்டத்துக்கும் காட்டியதில்லை. எரியாமல் ஆவியான கற்பூரம் பிளாட்டினத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மின்னழுத்தம் மாறும்போது அது விலகிப் போனதைத்தான் யாரும் பார்க்காத பொருள் என்று கோமதி எழுதியிருக்கிறார்.

முனிரத்தினத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்துவிட்டார். "நான் நல்லதுக்குத்தானம்மா பண்ணேன்" என்றார் திரும்பத் திரும்ப.

அப்போது நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். முப்பதாம் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருக்கு. இப்போதைக்குக் கொடுத்துடுங்க, அங்கே போய்ச் சரிசெய்துக்கலாம்" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். சொன்ன குரலில் இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கோமதி கோபப்படவில்லை. "சார், எங்க ஊட்ல எது எழுதினாலும் மொதல்ல காணிப்பாக்கத்துல வச்சிக் கும்புட்டுத்தான் குடுப்போம். பத்தாவது ஹால் டிக்கெட்லருந்து அப்படித்தான். ஊர்ல சண்ட வந்தா சத்தியம் பண்ணச் சொல்லி அங்கதான் இஸ்துக்கினு போவாங்க. பொய்யின்னு தெரிஞ்சத எப்டி சார் அந்த புள்ளாரு முன்னால வக்கிறது?"

சாத்திய கதவை நானே திறந்துவிட்டேன். அவர் கீழே இறங்கிப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "என் பெயரும் அதில் இருக்கிறது. எத்தனை நாள் வேண்டும்?" என்று மட்டும் கேட்டாராம். ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் போயிற்று. மறுநாள் வந்த பதில் இரண்டே வரி. முப்பதாம் தேதி மாறாது, அத்தியாயம் சிறிதானாலும் சரியாக இருக்கட்டும்.

எஸ்டிடி பூத்திலிருந்து என் மேலதிகாரியை அழைத்தேன். கருவியில் அந்நிய ஆவி படிந்திருக்கிறது, முழுக்கச் சுத்தம் செய்யாமல் வர முடியாது என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. என்ன விஷயம் என்று கேட்ட பூத்துக்காரரிடம் அதையே தமிழில் சொன்னேன், அவர் தெலுங்கில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். "சிங்கப்பூர் ஆளுக்குப் பேய் பிடித்திருக்கிறதாம்" என்று அர்த்தம் என, கூட வந்திருந்த கோமதி பிறகு சொன்னார்.

அறையைக் கழுவினோம். சுவர், மேசை, மின்விசிறி இறக்கை, கண்ணாடிச் சாமான் எல்லாம். கருவியின் உள்ளே காய்ந்த நைட்ரஜனை ஓடவிட்டோம். கற்பூர டப்பாவை முனிரத்தினமே எடுத்துப்போய்ப் புத்தலப்பட்டில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் மோப்பம் பிடித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தவர், என் லட்டுகளைக் கண்டுபிடித்தார். "சார், இதுல பச்சக் கற்பூரம் போடுவாங்க!" என்று பையை விரல் நுனியில் பிடித்து வெளியே கொண்டுபோனார். வாசலில் தெலுங்கில் ஒரு அட்டை தொங்கவிட்டார். திருப்பதியில் லட்டு உள்ளே வரக் கூடாது என்று எழுதி வைத்த அறை வேறு இருந்திருக்காது. கோவிலிலிருந்து நேராக வந்த பேராசிரியரையே வாசலில் நிறுத்தி, கை கழுவி, சட்டை மாற்றி வரச் சொன்னார். பேராசிரியர் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆனால் ஓட்டம் தொடங்கும் காலை ஒன்பது மணி முனிரத்தினத்துக்குப் பெரிய வேதனை. தட்டு இருந்த இடத்துக்குப் போவார், நிற்பார், திரும்பிவிடுவார். "கோமதிம்மா, ஒரு நாளு பூசை இல்லாம ஓட்டப் போனப்பத்தான காத்து கம்ப்ரசர் புகஞ்சிது? இப்ப நீங்க போறது அவ்ளோ தூரம். வெளக்கு காட்டாம அனுப்பறதா?" என்று ஒருமுறை கேட்டார். கோமதி அவர் பக்கத்தில் போய் நின்று, "எனக்காவத்தாண்ணா நிறுத்தி வச்சிக்கினு கீறீங்க. அது போதும்" என்றார். அன்றிலிருந்து ஒன்பது மணிக்குக் கருவியின் முன் வெறும் கையைக் கூப்பி ஒரு நிமிஷம் நிற்பார். அவர் கண் திறக்கும்வரை நாங்கள் பொத்தானைத் தொட மாட்டோம்.

ஆறாம் நாள் நிஜ ஓட்டம். மெதனால் உள்ளே போயிற்று. எல்லோருக்கும் தெரிந்த மேடு, பிளாட்டினத்தில் ஒட்டும் கார்பன் மோனாக்சைடு, தன் இடத்தில் ஒழுங்காக வந்தது. ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஒன்றும் இல்லை. மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் இல்லை.

"சுத்தமா எதுவும் இல்ல" என்றார் கோமதி.

"இல்லன்னா நல்லதாம்மா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"நல்லதுதாண்ணா" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பு போன அழுகையா, பிழைத்த அழுகையா, எனக்குத் தெரியவில்லை. நான் களி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று தூக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தை மறைக்க வேறு வழி இல்லாமல்.

நாற்பது பக்க அத்தியாயம் ஒன்பது பக்கமாயிற்று. அதில் நான்கு பக்கம், தவறு எப்படி நடந்தது, யாரும் மறுபடி செய்யாமலிருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதுதான். தட்டச்சு, பைண்டிங் எல்லாம் முடிந்து இருபத்தொன்பதாம் தேதி மாலை கறுப்பு அட்டையில் தங்க எழுத்தோடு ஐந்து பிரதிகள் வந்தன.

முனிரத்தினம் அன்றிரவு ஊருக்குப் போகவில்லை; முப்பதாம் தேதி விடியற்காலையில் மூவரும் திருப்பதியில் பஸ் ஏறினோம். புத்தலப்பட்டில் இறங்கி, காணிப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. பதினொரு மணிக்குள் திருப்பதி திரும்பி ரசீது வாங்க வேண்டும், மாலை எனக்குச் சென்னையில் விமானம். ஆட்டோவில் பதினொரு பேர். ஆய்வேட்டுப் பிரதிகள் முனிரத்தினத்தின் மடியில் இருந்தன. யார் முழங்கையும் படவிடவில்லை.

கோவிலில் கூட்டம் குறைவு. அர்ச்சகர் மேல் பிரதியை வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்து, அட்டையில் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கற்பூரத் தட்டோடு எங்கள் பக்கம் வந்தார். கோமதி பிரதியை நெஞ்சோடு பிடித்தபடி முன்னால் நகர்ந்தார். தட்டு புத்தகத்தின் அருகே வந்ததும் முனிரத்தினம் பாய்ந்து குறுக்கே கை நீட்டிவிட்டார்.

"சாமி, கற்பூரம் வேணாம்!"

சந்நிதியே திரும்பிப் பார்த்தது. அர்ச்சகர் தட்டோடு அப்படியே நின்றார். அவருடைய அனுபவத்தில் ஒரு பக்தரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கோமதி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார். "அண்ணா, அளவெல்லாம் எடுத்து முடிச்சாச்சி. இது வெறும் காயிதம். காட்டட்டும்."

அர்ச்சகர் தட்டை மறுபடி நீட்டினார். கோமதி ஒற்றிக்கொண்டார், நான் ஒற்றிக்கொண்டேன். முனிரத்தினம் இரண்டு கையையும் சுடரின்மேல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றாமல் கோமதியின் தலையில் வைத்தார்.